ஸ்கேன் நார்மல், ஆனால் 4 நிமிடத்தில் ட்ரெட்மில்லை நிறுத்திவிட்டார்கள்: அப்பாவின் நியூக்ளியர் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் பற்றி

கயல்விழி

வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. 15 வருடமாகச் சர்க்கரை, ரத்த அழுத்தமும் உண்டு. நெஞ்சுவலி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் இரண்டு மாதமாக, கொஞ்சம் ஏற்றமான இடத்தில் நடந்தாலே மூச்சு வாங்குகிறது, கீழ்த்தாடை இழுத்துப் பிடிக்கிறது என்கிறார். நின்றால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது.

அதனால் நியூக்ளியர் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். டெக்னீசியம் ஊசி போட்டு, ட்ரெட்மில்லில் நடக்கவைத்து எடுத்தது. ரிப்போர்ட்டின் முடிவு வரி இதுதான்: "இதயத் தசையில் ரத்த ஓட்டம் சீராக உள்ளது, மீளக்கூடிய குறைபாடு இல்லை." எழுதிக் கொடுத்த டாக்டர் விடுப்பில் இருந்தார். அங்கே இருந்த இன்னொருவர் பார்த்துவிட்டு, "படம் நார்மல், இதே மாத்திரையைத் தொடருங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து முழு ரிப்போர்ட்டையும் படித்தபோதுதான் சில எண்கள் உறுத்தின. 4 நிமிடம் 10 நொடியில் நிறுத்தியிருக்கிறார்கள். தொடக்கத்தில் 140 இருந்த மேல் ரத்த அழுத்தம் 156 வரை ஏறி, நிறுத்தும்போது 124-க்கு இறங்கியிருக்கிறது. இசிஜியில் பல லீடுகளில் எஸ்டி 2 மில்லிமீட்டர் இறக்கம் என்று இருக்கிறது. அப்புறம் டிஐடி 1.34 என்று ஒரு வரி. இஎஃப் ஓய்வில் 59, ஸ்ட்ரெஸ்ஸுக்குப் பிறகு 46.

இவ்வளவும் இருந்தும் நார்மல் என்று எப்படி எழுதினார்கள்? இல்லை, நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நிதானம்

முதலில் கொஞ்சம் மூச்சு விடுங்கள் அம்மா. எனக்கும் இந்த டெஸ்ட் நடந்தது, எனக்கும் நார்மல்தான். இந்த ஸ்கேனில் பெரிய பலமே அதுதான். படம் நார்மலாக வந்தவர்களுக்கு அடுத்த ஒரு வருடத்தில் மாரடைப்போ இதய மரணமோ வரும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழ். ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்துச் சொன்ன எண் அது. ரிப்போர்ட்டில் இருக்கும் ஒவ்வோர் எண்ணையும் நாமே தேடிப் படித்தால் தூக்கம்தான் போகும்.

---

காமாகேமரா

நான் அணு மருத்துவப் பிரிவில் படம் எடுக்கும் டெக்னாலஜிஸ்ட். ரிப்போர்ட் எழுதும் ஆள் நான் இல்லை, அதனால் முடிவாக எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்ல முடியும்.

டெக்னீசியம் கலந்த மருந்து ரத்தத்தோடு போய் இதயத் தசைக்குள் புகுந்து, அங்கேயே தங்கிவிடும். எந்தப் பகுதிக்கு அதிக ரத்தம் போகிறதோ அங்கே அதிகம் தங்கும். அதனால்தான் உச்சத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே ஊசியைப் போட்டு, இன்னும் ஒரு நிமிடமாவது நடங்கள் என்று கெஞ்சுவோம். படத்தை அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து எடுத்தாலும், ஊசி போட்ட அந்த நொடியில் ரத்தம் எப்படி ஓடியது என்பதையே அது காட்டும். ஆனால் இதயச் சுவர் எப்படி அசைகிறது என்பதும் இஎஃப் எண்ணும் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளித்தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) படம் எடுக்கும் நேரத்துக்குரியவை. இந்த வித்தியாசம் உங்கள் அப்பா விஷயத்தில் முக்கியம் என்று நினைக்கிறேன்.

கேட்க வேண்டியவை மூன்று. இதயத் துடிப்பு எதுவரை ஏறியது? அன்று காலை பீட்டா பிளாக்கர் மாத்திரை போட்டிருந்தாரா? நிறுத்தியதற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள்?

---

கயல்விழி

நன்றி அண்ணா. துடிப்பு 118 வரை. இலக்கு 130 என்று எழுதியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, காலையில் வழக்கம்போலப் போட்டார். நிறுத்தக் காரணம் "மூச்சுத் திணறல், தாடை வலி, ரத்த அழுத்தம் இறக்கம்". ஓய்வுக்கு வந்தபிறகும் இசிஜி மாற்றம் 7 நிமிடம் நீடித்தது என்றும் இருக்கிறது.

---

காமாகேமரா

220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம்; அதுதான் அந்த 130. அதைத் தொடாவிட்டால் சின்னச் சின்ன அடைப்புகள் படத்தில் தப்பிவிடலாம். பீட்டா பிளாக்கரும் இதயத்தை முழுதாக உழைக்க விடாது. நோயைக் கண்டுபிடிப்பதற்காக எடுக்கும் டெஸ்ட் என்றால் டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே நிறுத்தச் சொல்வது வழக்கம். நாமாக நிறுத்தக்கூடாது, அது வேறு. ஆனால் உங்கள் அப்பாவுக்கு இலக்கைத் தொடாமலேயே இத்தனை அறிகுறிகள் வந்திருக்கின்றன. இதய மருத்துவர் யாராவது எழுதினால் நல்லது.

---

துடிப்பறிவோன்

இதய மருத்துவத் துறையில் இருக்கிறேன். உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை, படங்களையும் பார்க்கவில்லை. அதைச் சொல்லிவிட்டே இதைச் சொல்கிறேன்: இந்த ரிப்போர்ட்டை நார்மல் என்று எடுத்துக்கொண்டு ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரையோ வேறோர் இதய மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள். இதற்கிடையில் உட்கார்ந்திருக்கும்போதே தாடையோ நெஞ்சோ இழுத்துப் பிடித்தால், சில நிமிடத்தில் விடாவிட்டால், அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

இப்போது காரணம். கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான ஸ்பெக்ட் ஸ்கேன், அதாவது உங்கள் அப்பாவுக்கு எடுத்த இந்த வகைப் படம், ஒரு கிராம் தசைக்கு இத்தனை மில்லிலிட்டர் ரத்தம் போகிறது என்று அளப்பதில்லை. இதயத்தில் எந்த இடம் மிகப் பிரகாசமாக இருக்கிறதோ அதை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற இடங்களை அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. மூன்று வாய்க்கால் பாயும் வயலை மேலிருந்து படம் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய்க்காலில் மட்டும் அடைப்பு இருந்தால் அந்தப் பக்கத்துப் பயிர் வெளுத்துத் தெரியும். மூன்றிலும் ஒரே அளவுக்கு அடைப்பு என்றால் வயல் முழுவதும் ஒரே மாதிரி வாடியிருக்கும். இருப்பதிலேயே பச்சையான இடத்தை முழுப் பச்சை என்று கணக்கு வைத்தால் எங்கேயும் குறை தெரியாது. இதைச் சமநிலை இஸ்கீமியா என்போம்; இஸ்கீமியா என்றால் தசைக்கு ரத்தம் போதாமை. மூன்று முக்கியத் தமனிகளிலும் கடுமையான அடைப்பு இருப்பவர்களுக்கும், இடப்பக்கத் தமனிகள் பிரியும் முன்னேயே, அதாவது லெஃப்ட் மெயினில், அடைப்பு இருப்பவர்களுக்கும் இது நேரலாம். யாரை நாம் கட்டாயம் கண்டுபிடிக்க வேண்டுமோ அவர்களிடமே படம் நம்மை ஏமாற்றும் இடம் இது.

அதனால்தான் தெரிந்தவர்கள் படத்தின் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை. டிஐடி என்பது ஸ்ட்ரெஸ் படத்தில் இடது கீழறை ஓய்வுப் படத்தைவிட எத்தனை மடங்கு பெரிதாகத் தெரிகிறது என்ற விகிதம். எல்லை மருந்துக்கும் முறைக்கும் ஏற்ப மாறும் என்றாலும், ட்ரெட்மில் டெஸ்ட்டில் 1.2-ஐத் தாண்டினாலே கவனிக்கிறோம், 1.34 என்பது அதிகம். அறை உண்மையிலேயே விரிந்திருக்கலாம். அல்லது சுவரின் உள்ளடுக்கு முழுவதும் ரத்தம் குறைந்து, மருந்து சேராமல், உள்ளே இருக்கும் வெற்றிடம் பெரிதாகத் தெரியலாம். இரண்டுமே இதயம் முழுவதும் சேர்ந்து திணறியதற்கான தடயங்கள். அடுத்தது இஎஃப். காமாகேமரா சொன்னதைத் திரும்பப் படியுங்கள்: அந்த 46 நடந்து முடித்து அரை மணிக்கும் மேல் ஆனபிறகு எடுத்தது. ஓய்வுக்கு வந்தபிறகும் தசை பழைய வலிமைக்குத் திரும்பவில்லை. அப்புறம், உழைக்க உழைக்க ரத்த அழுத்தம் ஏற வேண்டும். அது ஓய்வு அளவுக்கும் கீழே 16 புள்ளி இறங்கியிருக்கிறது. கூடவே குறைந்த உழைப்பிலேயே 2 மில்லிமீட்டர் எஸ்டி இறக்கம், அதாவது தசைக்கு ரத்தம் போதாதபோது இசிஜி கோட்டின் ஒரு பகுதி கீழே இறங்குவது; பல லீடுகளில், அதுவும் நீண்ட நேரம்.

இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு விளக்கம் தேடலாம். எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. நிறம் மட்டுமே இல்லை என்கிறது.

---

நிதானம்

டாக்டர் ஐயா சொல்வதை மறுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு கேள்வி. நார்மல் என்றால் 1 சதவீதத்துக்கும் கீழ் என்பதும் உங்களைப் போன்ற டாக்டர்கள்தானே சொல்கிறார்கள்? கடுமையான நோயையே இந்த ஸ்கேன் தவறவிடும் என்றால் அந்த எண் எப்படி வந்தது?

---

துடிப்பறிவோன்

நியாயமான கேள்வி. அந்த எண் பொய் இல்லை. டெஸ்ட்டுக்கு வருகிறவர்களில் லெஃப்ட் மெயின் அடைப்பு உள்ளவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் படம் முழுக்க நார்மலாக வருபவர்கள் இன்னும் சிலர். அதனால் நார்மல் வந்த மொத்தப் பேரையும் சேர்த்துப் பார்க்கும்போது ஆபத்து குறைவாகவே இருக்கும். உங்களுக்கு நன்றாக நடக்க முடிந்து, இசிஜி மாறாமல், ரத்த அழுத்தம் ஒழுங்காக ஏறி, படமும் நார்மலாக இருந்தால் அந்த எண் உங்களுக்குரியது. நிம்மதியாக இருக்கலாம். கயல்விழியின் அப்பா அந்தக் கூட்டத்தில் ஒருவர் இல்லை. அந்தச் சராசரியை அவர்மேல் ஏற்றக்கூடாது.

2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு நேரடியான விடை. லெஃப்ட் மெயினில் 50 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்த 101 பேரின் ஸ்பெக்ட் படங்களை எடுத்துப் பார்த்தார்கள். நிறக் குறைபாட்டை மட்டும் வைத்து அதிக ஆபத்து என்று சொல்ல முடிந்தது 60 சதவீதத்துக்கும் குறைவானவர்களையே. ஏழில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட எந்தக் குறைபாடும் தெரியவில்லை. டிஐடி, இஎஃப் இறக்கம், இசிஜி போன்றவற்றையும் சேர்த்துக்கொண்டபோது 83 சதவீதம் பேர் பிடிபட்டார்கள். சேர்த்துப் படித்ததால் கிடைத்த லாபம் அது. அதற்குப் பிறகும் சிலர் தப்பினார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

---

தென்றல்

எனக்கு நேர்மாறான அனுபவம். ஸ்கேனில் இதயத்தின் அடிச்சுவரில் குறைபாடு என்று வந்து, ஆஞ்சியோ வரை போனேன். குழாய்கள் எல்லாம் சுத்தம். ஆஞ்சியோ முடியும்வரை வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளக்கூட இல்லை. அதனால் இந்த ஸ்கேன் இல்லாததையும் சொல்லும், இருப்பதையும் சொல்லாது என்றே என் மனதில் பதிந்துவிட்டது.

---

காமாகேமரா

தென்றல், நீங்கள் ஆணா, கொஞ்சம் வயிறு போட்ட உடம்பா? கேட்பதற்கு மன்னிக்கவும். அடிச்சுவருக்கும் கேமராவுக்கும் நடுவில் உதரவிதானம் இருக்கிறது. அது காமா கதிர்களை விழுங்கிவிடும், அந்த இடம் மங்கலாகத் தெரியும். பெண்களுக்கு மார்பகத்தால் முன்சுவரில் இதே சிக்கல் வரும். இதைச் சரிசெய்ய எங்களிடம் வழிகள் உண்டு. குப்புறப் படுக்கவைத்து இன்னொரு முறை எடுத்தால் உதரவிதானம் விலகிக்கொடுக்கும், பொய்யான குறைபாடு பல நேரம் மறைந்துவிடும். சில கேமராக்களில் கூடவே ஒரு சிறிய சிடி ஸ்கேன் எடுத்து, எவ்வளவு கதிர் விழுங்கப்பட்டது என்று கணக்குப் போட்டுத் திருத்துவோம். இன்னொன்று, அந்தச் சுவர் நன்றாகச் சுருங்கி விரிகிறதா என்றும் பார்ப்போம். மாரடைப்பால் தழும்பான தசை அப்படி அசையாது. மங்கலாக இருந்தும் நன்றாக அசைந்தால் நிழலாக இருக்கலாம் என்ற சந்தேகம் வரும்.

படுத்திருக்கும்போது நோயாளி சற்றே நகர்ந்தாலும் பொய்க் குறைபாடு வரும். கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு அசையாமல் கிடப்பது தோள்வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். முடியவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், நிறுத்தி மறுபடி எடுத்துக்கொள்ளலாம். சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர்களின் படத்தைப் பார்க்கும்போது எனக்கு மனது கேட்காது.

---

தென்றல்

ஆமாம் ஆண்தான், 98 கிலோ. குப்புறப் படுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இடது தோளில் வலியும் இருந்தது, சொல்லவில்லை. இப்போது புரிகிறது.

---

கூர்நோக்கு

எல்லோருக்கும் ஒரு கேள்வி. இவ்வளவு சிக்கல் எதற்கு? சிடி ஆஞ்சியோ எடுத்தால் குழாயையே நேரில் பார்த்துவிடலாமே! லெஃப்ட் மெயினில் அடைப்பு இருந்தால் சிடியில் மறையாது. அதோடு, 2020-இல் வெளிவந்த இஸ்கீமியா ஆய்வில் 5179 பேரை எடுத்துக்கொண்டு, ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டில் மிதமான, கடுமையான இஸ்கீமியா இருந்தவர்களில் பாதிப் பேருக்கு உடனே ஆஞ்சியோ, தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மறுபாதிக்கு மாத்திரை மட்டும் என்று பார்த்தார்கள். மரணத்திலும் மாரடைப்பிலும் பெரிய வித்தியாசமே வரவில்லை. அப்படியிருக்க, இந்த அம்மாவை அவசரப்படுத்துவது சரியா?

---

துடிப்பறிவோன்

முதல் பாதியில் உங்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். இதற்கு முன் நோய் தெரியாதவருக்கு, அதுவும் வயது குறைவானவருக்கு, சிடி நல்ல முதல் டெஸ்ட். லெஃப்ட் மெயின் விஷயத்தில் சிடியின் கை ஓங்கியே இருக்கிறது. ஆனால் 15 வருடச் சர்க்கரை நோயாளியின் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருக்க வாய்ப்பு அதிகம். சிடியில் சுண்ணாம்பு பளிச்சென்று ஊதிப் பெருத்துத் தெரியும், உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்வது கடினமாகிவிடும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் சாய ஊசியும் யோசிக்க வேண்டிய விஷயம். மேலும், குழாய் 60 சதவீதம் குறுகியிருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் தசைக்கு ரத்தம் போதவில்லை என்று ஆகிவிடாது. நாய்களில் செய்த சோதனையில் லான்ஸ் கூல்ட் என்ற இதய ஆய்வாளர் 1974-இல் காட்டியது இன்றும் நிற்கிறது: ஓய்வில் இருக்கும்போது குழாய் விட்டத்தில் 85 சதவீதம்வரை குறுகினாலும் ரத்த ஓட்டம் குறைவதில்லை. உச்ச ஓட்டம் மட்டும் 30 முதல் 45 சதவீதக் குறுகலிலிருந்தே குறையத் தொடங்குகிறது. அதனால்தான் இதயத்தை உழைக்கவைத்துப் படம் எடுக்கிறோம். ஓய்வில் எடுத்தால் பாதி நோய் தெரியாது.

இரண்டாவது பாதியில்தான் நீங்கள் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு முதலில் சிடி எடுத்தார்கள். லெஃப்ட் மெயினில் 50 சதவீதத்துக்கு மேல் அடைப்பு தெரிந்தவர்களை ஆய்வில் சேர்க்கவில்லை. இஎஃப் 35-க்குக் கீழ் இருந்தவர்களையும், மருந்துக்கு அடங்காத வலி உள்ளவர்களையும் சேர்க்கவில்லை. ஏன் விட்டார்கள்? லெஃப்ட் மெயின் உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சை உயிரைக் காக்கும் என்பது 1970-களின் ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். அவர்களைச் சீட்டுக் குலுக்கி மாத்திரைப் பக்கம் தள்ள முடியாது. ஆக, லெஃப்ட் மெயின் இல்லை என்று உறுதியானபிறகு மாத்திரையால் சமாளிக்கலாம் என்பதே அந்த ஆய்வு சொல்வது. இவர் விஷயத்தில் அந்த உறுதிதான் இன்னும் கிடைக்கவில்லை.

அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். அது வந்தபிறகு தேவையில்லாத ஸ்டென்டுகள் குறைந்தால் நல்லதுதான். ஆனால் அதைக் காட்டி, அது பார்க்கவே செய்யாத நோயாளியைத் திருப்பி அனுப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

---

கூர்நோக்கு

லெஃப்ட் மெயின் உள்ளவர்களை விலக்கியதை நான் கவனிக்கவில்லை. சுருக்கத்தை மட்டும் படித்திருந்தேன். கயல்விழி, என் பதிவைப் படித்துவிட்டுத் தாமதிக்க வேண்டாம்.

---

புதியவள்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் மாமியாருக்கு இதே டெஸ்ட் அடுத்த வாரம். முட்டிவலியால் நடக்க முடியாது, மருந்து கொடுத்து எடுப்போம் என்றார்கள். வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது, எப்போதும் அவர் மடியில்தான். கதிர்வீச்சு குழந்தையைப் பாதிக்குமா? காபி குடிக்கக் கூடாது என்றும் சொன்னார்கள், அது எதற்கு?

---

காமாகேமரா

காபியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் டெஸ்ட் வீணாவதற்கு அதுதான் பெரிய காரணம். நடக்க முடியாதவர்களுக்கு அடினோசின், டைபிரிடமோல், ரெகடெனோசன் போன்ற மருந்து கொடுத்து இதயக் குழாய்களை விரிய வைப்போம். நல்ல குழாய் நன்றாக விரியும், அடைபட்ட குழாய்க்கு விரிய இடமில்லை. அந்த வித்தியாசம்தான் படம். காஃபின் இந்த மருந்துகள் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். குழாய் விரியாது, எல்லாம் சமமாகத் தெரியும், நோய் இருந்தும் நார்மல் என்று வந்துவிடும். குறைந்தது 12 மணி நேரம், பல இடங்களில் 24 மணி நேரம், காபி, டீ, கோலா, சாக்லேட் எதுவும் கூடாது. காஃபின் நீக்கிய காபியிலும் கொஞ்சம் இருக்கும். சில தலைவலி மாத்திரைகளிலும் உண்டு. தெரியாமல் குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் திட்ட மாட்டோம், வேறு நாள் கொடுப்போம். ஆஸ்துமா இருந்தால் அதையும் முன்பே சொல்ல வேண்டும், அவர்களுக்கு இந்த மருந்தில் மூச்சுக்குழல் இறுகலாம். மருந்து ஏறும்போது முகம் சூடாகும், நெஞ்சில் ஒரு பாரம் தெரியும். சில நிமிடத்தில் போய்விடும். நீடித்தால் அமினோஃபிலின் கொடுத்து முறிப்போம், அது கையருகிலேயே இருக்கும்.

கதிர்வீச்சு: டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். மறுநாள் அதே நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும், சிறுநீரில் வெளியேறுவது தனி. இரண்டு படமும் சேர்த்து நோயாளிக்குச் சுமார் 10 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து உலகில் சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 கிடைக்கிறது. அதனால் இது சும்மா எடுத்துப் பார்க்கும் டெஸ்ட் இல்லை. காரணம் இருந்தால் பயப்படவும் வேண்டாம். ஸ்ட்ரெஸ் படத்தை முதலில் எடுத்து, அது முழுக்க நார்மலாக இருந்தால் ஓய்வுப் படமே வேண்டாம் என்று விட்டுவிடும் இடங்களும் உண்டு, அப்போது அளவு நன்றாகக் குறையும்.

குழந்தைக்குப் போகும் அளவு மிகக் குறைவு. என்றாலும் அன்று ஒரு நாள் மடியில் வெகுநேரம் வைத்துக்கொள்ள வேண்டாம், பக்கத்தில் படுக்கவைக்க வேண்டாம். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். தாலியம் போட்டு எடுத்தால் அதன் அரை ஆயுள் 73 மணி நேரம், கவனம் இன்னும் சில நாள் வேண்டும். எந்த மருந்து என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

---

புதியவள்

மிக்க நன்றி. காபி நிறுத்துவதைத்தான் அவரிடம் மல்லுக்கட்டிச் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்ததால் கேட்பார் என்று நம்புகிறேன்.

---

நிதானம்

டாக்டர் ஐயா, இன்னொன்று. எல்லாம் சமமாக அடைபட்டிருந்தால் தெரியாது என்றீர்கள். ரத்த ஓட்டத்தை நேராக அளக்க வழியே இல்லையா?

---

துடிப்பறிவோன்

இருக்கிறது, அதுதான் பெட் ஸ்கேன். ருபிடியம் 82 அல்லது நைட்ரஜன் 13 சேர்ந்த அம்மோனியா போட்டு, ஊசி ஏறும் நொடியிலிருந்தே படம் எடுத்துக்கொண்டே வருவார்கள். ரத்தத்தில் மருந்து எவ்வளவு, தசைக்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணக்கிட்டு, ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று சொல்லிவிடலாம். ஓய்வில் ஏறத்தாழ 1 என்றால், மருந்து கொடுத்தபிறகு நல்ல இதயத்தில் அது இரண்டு, மூன்று மடங்குக்கு மேல் ஏறும். இரண்டு மடங்குகூட ஏறவில்லை என்றால் எங்கோ தவறு. படம் சமமாகத் தெரிந்தாலும் இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாப் பகுதியிலும் நன்றாக ஏறினால், மூன்று குழாயிலும் கடுமையான அடைப்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று தைரியமாகச் சொல்லலாம். எண் குறைவாக இருந்தால் மட்டும் பெரிய குழாய் அடைப்பு என்று முடிவு கட்ட முடியாது. கண்ணுக்குத் தெரியாத சிறு குழாய்களின் நோயிலும் குறையும், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சகஜம். ருபிடியத்தின் அரை ஆயுள் 76 நொடிதான், கதிர்வீச்சும் ஸ்பெக்டைவிடக் குறைவு. ஆனால் அவ்வளவு சீக்கிரம் அழிவதால் ட்ரெட்மில்லில் நடக்கவைத்து எடுக்க முடியாது, மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். பெட் இன்னும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பதே பெரிய குறை.

கயல்விழியின் அப்பாவுக்கு நான் பெட்டுக்கும் போகச் சொல்ல மாட்டேன். இவ்வளவு தடயம் இருக்கும்போது நேரடி ஆஞ்சியோவே பொருத்தம் என்பது என் கருத்து. முடிவு அவரைப் பார்க்கும் டாக்டருடையது.

---

கயல்விழி

ஆறு நாளாக எழுத முடியவில்லை. நீங்கள் சொன்னதைத் தாளில் குறித்துக்கொண்டு போனேன். விடுப்பு முடிந்து வந்திருந்த டாக்டரிடம், "படம் நார்மல் என்கிறார்கள், ஆனால் டிஐடி 1.34, இஎஃப் 59-இலிருந்து 46, ரத்த அழுத்தம் இறங்கியது, இவற்றுக்கு என்ன காரணம்?" என்று மட்டும் கேட்டேன். அவர் முழு ரிப்போர்ட்டையும் ட்ரெட்மில் இசிஜியையும் வாங்கிப் பார்த்தார். ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லை. மறுநாளே ஆஞ்சியோவுக்குச் சேர்த்துவிட்டார்.

லெஃப்ட் மெயினில் 75 சதவீதம். வலதுபக்கக் குழாயில் 90. இடப்பக்கக் கிளைகளிலும் அடைப்பு. பைபாஸ்தான் வழி என்று சொல்லி, வீட்டுக்கு அனுப்பாமல் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நேற்று முன்தினம் அறுவை சிகிச்சை முடிந்தது. இன்று காலை அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தாடை இழுக்கிறதா என்று கேட்டேன். நெஞ்சுத் தையல்தான் வலிக்கிறது, தாடை ஒன்றும் இல்லை என்றார்.

எனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முதல் நாள் பார்த்தவர்மேல் கோபம் இருக்கிறது. அவர் கடைசி வரியை மட்டும் படித்திருக்கிறார். நானும் அந்த ஒரு வரியோடு ரிப்போர்ட்டை மூடி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

---

நிதானம்

படித்ததும் கண் கலங்கிவிட்டது அம்மா. முதல் பதிலே நான்தான் போட்டேன், பயப்படாதீர்கள் என்று. நல்லெண்ணத்தில் சொன்னாலும் அது தவறு. அப்பா நன்றாகத் தேறி வரட்டும்.

---

காமாகேமரா

உங்கள் பதிவை எங்கள் பிரிவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். முடிவு வரியிலேயே டிஐடியும் இஎஃப் இறக்கமும் இசிஜியும் வரும்படி ரிப்போர்ட் படிவத்தை மாற்றலாமா என்று எங்கள் டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.

---

கயல்விழி

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வருடா வருடம் இந்த ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

---

துடிப்பறிவோன்

தொந்தரவு எதுவும் இல்லாவிட்டால் வருடா வருடம் வேண்டாம். பைபாஸ் முடிந்து ஐந்து வருடம் தாண்டியபிறகு யோசிக்கலாம் என்பது பொதுவான வழக்கம். அதற்கு முன்பே மூச்சு வாங்குவதோ தாடை இழுப்போ திரும்பினால் எடுக்க வேண்டும். அப்பாவுக்கு வலி நெஞ்சில் வராது, தாடையில்தான் வரும் என்பதை இனிமேல் பார்க்கும் ஒவ்வொரு டாக்டரிடமும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பழைய ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தகட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை எடுத்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் தேவைப்படும்.